மேடையில் பீச் பாய்ஸ்: ஹார்மனியைப் பிரித்துக் கேட்கும் முறை

ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஐந்து வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடும்போது, நம் காது பெரும்பாலும் உச்சியில் ஒலிக்கும் குரலை மட்டும் பற்றிக்கொண்டு மற்ற நான்கையும் பின்னணி என்று ஒதுக்கிவிடுகிறது. அமெரிக்க இசைக்குழுவான பீச் பாய்ஸின் பாடல்களை ஆண்டுக்கணக்கில் கேட்டு வருபவர்களிடம், ஒரு பாட்டின் நடுக்குரல் எந்த வழியில் ஏறி எந்த வழியில் இறங்குகிறது என்று கேட்டால், அவர்களில் பலரால் அதைப் பாடிக்காட்ட முடிவதில்லை. இது கேட்பவரின் குறை அன்று. அந்தக் குழுவின் ஸ்டூடியோ பதிவுகளில், ஒருவர் பாடிய வரியின் மேல் அதே வரியை அவரே மறுபடியும் பாடிப் பதிவு செய்வது வழக்கமாக இருந்ததால், குரல்கள் தடித்து ஒன்றோடொன்று கலந்து, எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே இன்னொருவர் தொடங்குகிறார் என்பதே தெரியாதபடி ஆகிவிடும். மேடையில் அந்த வசதி கிடையாது. ஒருவருக்கு ஒரு தொண்டை, ஒரு மூச்சு, அவ்வளவுதான். ஆகவே இந்தக் குழுவின் ஹார்மனி, அதாவது பல குரல்கள் வெவ்வேறு ஸ்வரங்களில் சேர்ந்து ஒலிக்கும் அமைப்பு, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புபவர்கள் அவர்களுடைய கச்சேரி ஆல்பங்களையே பாடநூலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யார் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் ஹாதார்ன் என்ற ஊரில் 1961-இல் தொடங்கிய இந்தக் குழுவில் பிரையன், டென்னிஸ், கார்ல் என்ற வில்சன் சகோதரர்கள் மூவரும், அவர்களுடைய உறவினர் மைக் லவ்வும், நண்பர் ஆல் ஜார்டினும் இருந்தார்கள். மைக் லவ்வின் குரல் சற்றே மூக்கொலி கலந்தது. முன்னணியில் பாடாதபோது அவர்தான் பெரும்பாலும் அடித்தளக் குரலைப் பிடிப்பார். உச்சியில் பிரையனின் ஃபால்செட்டோ, அதாவது இயல்பான குரலைத் தாண்டி மேல்ஸ்தாயியில் மெல்லிதாக எழும் குரல். இவை இரண்டுக்கும் இடையில் கார்ல், ஆல், டென்னிஸ் ஆகிய மூவர். அடியும் உச்சியும் எளிதில் பிடிபட்டுவிடும். நம் வேலை முழுவதும் இந்த நடுவில்தான் இருக்கிறது.

இந்த முறைக்குத் தேவையான ஆல்பங்கள் மூன்று. 1964 அக்டோபரில் வெளிவந்த ‘பீச் பாய்ஸ் கான்செர்ட்’, 1968 டிசம்பரில் லண்டனில் பதிவாகி 1970-இல் பிரிட்டனில் வெளியான ‘லைவ் இன் லண்டன்’, 1973 நவம்பரில் இரட்டை இசைத்தட்டாக வந்த ‘த பீச் பாய்ஸ் இன் கான்செர்ட்’. வெளிவந்த வரிசையிலேயே கேட்கலாமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1964 ஆல்பத்தில் ரசிகர்களின் கூச்சல் ஏறக்குறைய ஓர் ஆறாவது குரலாகவே நிறைந்திருப்பதால், பழகாத காதுக்கு அங்கே எதையும் பிரித்தெடுப்பது கடினம். லண்டனில் தொடங்கி, 1973-க்கு வந்து, பழகிய காதோடு 1964-க்குத் திரும்புவதே நல்லது.

லண்டன் ஆல்பத்திலும் தொடக்கத்திலிருந்து போகாமல், நேராக ‘தேர் ஹார்ட்ஸ் வேர் ஃபுல் ஆஃப் ஸ்பிரிங்’ என்ற பாடலுக்குச் சென்றுவிடுங்கள். இதில் இசைக்கருவியே இல்லை; குரல்கள் மட்டும்தான். பாபி ட்ரூப் இயற்றிய இந்தப் பாடலை, பிரையன் தன் ஆசான்களாகவே மதித்த ஃபோர் ஃபிரெஷ்மென் குழுவிடமிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நால்வர் குழுவின் சிறப்பு, ஜாஸ் பாணியில் ஸ்வரங்களை அடுக்கிப் பாடுவது. ஒருவர் இம்மியளவு வழுக்கினாலும் முழு அடுக்கும் கலங்கிவிடும். பிரையன் பதின்ம வயதில் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் துண்டு துண்டாகக் கேட்டு, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பிரித்துக் கற்று, வீட்டில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொடுத்துப் பாட வைத்தவர். நாம் இப்போது செய்யப்போவதும் ஏறக்குறைய அதே பயிற்சிதான்.

பாடலின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலியளவைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். சத்தமாக வைத்தால் உச்சிக்குரல்தான் முந்திக்கொண்டு வரும். குறைவாக வைத்தால் எதையும் நாமே தேடிப்போய்க் கேட்க வேண்டியிருக்கும், அந்தத் தேடல்தான் நமக்கு வேண்டும். முதல் முறை அடிக்குரலை மட்டும் தொடருங்கள். அது அதிகம் நகராது. பெரும்பாலும் ஓரிடத்தில் நின்று, வரி திரும்பும் இடத்தில் மட்டும் ஓர் அடி எடுத்து வைக்கும். அதை வாய்விட்டு முனகிப் பாருங்கள், சொற்கள் தேவையில்லை. அடுத்த முறை உச்சியை முனகுங்கள். இரண்டும் தொண்டையில் உட்கார்ந்த பிறகு, அதே வரியை மறுபடி ஓடவிட்டு, இப்போது நீங்கள் முனகிய இரண்டும் அல்லாத ஒரு ஸ்வரம் எங்கேனும் கேட்கிறதா என்று கவனியுங்கள். வரியின் கடைசிச் சொல் நீண்டு நிற்கும் இடம் இதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அங்கே சொற்களின் ஓசை அடங்கிவிட, ஸ்வரங்களின் அடுக்கு மட்டும் எஞ்சி நிற்கும். நடுக்குரல் ஒன்று அங்கே ஒருமுறை பிடிபட்டுவிட்டால், அதிலிருந்து பின்னோக்கி நடந்து, அந்தக் குரல் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பின்னோக்கி நடக்கும் உத்தியே இந்த முறையின் உயிர்நாடி. வரியின் தொடக்கத்திலிருந்து நடுக்குரலைத் துரத்த முயன்றவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் உச்சிக்குரலுக்குத் தாவிவிடுவார்கள்.

இதே மெட்டை இவர்கள் 1963-இல் வேறு சொற்களோடு, நடிகர் ஜேம்ஸ் டீனின் மறைவைப் பற்றிய ‘எ யங் மேன் இஸ் கான்’ என்ற பாடலாக ஸ்டூடியோவில் பதிவு செய்து, ‘லிட்டில் டியூஸ் கூப்’ ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். லண்டன் பதிவில் ஒரு வரி முழுவதும் பிடிபட்ட பிறகு, 1963 பதிவின் அதே இடத்தைக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 23 அன்று ஹூஸ்டனுக்குச் செல்லும் விமானத்தில் கடும் மனப்பதற்றத்துக்கு ஆளான பிரையன், அதன்பின் சுற்றுப்பயணங்களிலிருந்து விலகி ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டார். அவருடைய இடத்தைச் சில மாதங்கள் கிளென் கேம்பெல் நிரப்ப, 1965-இல் புரூஸ் ஜான்ஸ்டன் வந்து சேர்ந்தார். ஆகவே லண்டன் மேடையில் பிரையன் இல்லை. அவர் அமைத்த அடுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒருவர் விலகியும் கட்டமைப்பு குலையாமல் நிற்பதைக் கேட்கும்போதுதான், அந்தக் குரல் அமைப்பு எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

லண்டன் ஆல்பத்தில் அடுத்துக் கேட்க வேண்டியது ‘காட் ஒன்லி நோஸ்’. 1966-இல் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்துக்காகப் பதிவானபோதும் இதை முன்னின்று பாடியவர் கார்ல்தான் என்பதால், ஒப்பிட வசதியானது. இதன் இறுதிப் பகுதியில் ஒரே வாக்கியத்தைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, ஒன்று முடியும் முன்பே அடுத்தது நுழைந்து, முடிவில்லாமல் சுழலும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஸ்டூடியோ பதிவின் அந்தப் பகுதியில் பிரையன் தானே இரண்டு குரல்களைப் பாடி, மூன்றாவதைப் புரூஸுக்குக் கொடுத்திருக்கிறார். மேடையில் ஒருவர் இரண்டு ஆளாக முடியாது. எனவே ஒவ்வொரு நுழைவும் ஒரு தனி மனிதரின் பொறுப்பு. இங்கே ஸ்வரத்தைத் தேடாதீர்கள். நுழையும் நொடியைத் தேடுங்கள். மேசையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு, எந்தத் தட்டில் எந்தக் குரல் உள்ளே வருகிறது என்று குறித்துக்கொண்டால், பின்னல் முழுவதும் தானாகவே பிரிந்து தெரியும்.

1973 ஆல்பம் வேறோர் உலகம். புரூஸ் விலகியிருந்தார்; தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பிளாண்டி சாப்ளினும் ரிக்கி ஃபட்டாரும் குழுவில் முழு உறுப்பினர்களாகச் சேர்ந்திருந்தார்கள். 1971-இல் கையில் பட்ட காயத்தால் டென்னிஸ் டிரம்ஸ் வாசிக்க முடியாமல் போக, ரிக்கி அந்த இடத்தில் அமர்ந்தார். 1972-இன் இறுதியிலும் 1973 கோடையிலும் நடந்த கச்சேரிகளிலிருந்து தொகுத்த 20 பாடல்கள் இதில் உள்ளன. பல இரவுகள் சேர்ந்தது என்பதால் இதை ஒரே இரவின் கச்சேரியாக எண்ணிக் கேட்க வேண்டாம். ஒரு பாடலில் குரல்கள் களைத்தும் அடுத்ததில் புத்துணர்ச்சியோடும் ஒலித்தால் அதற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம்.

இங்கே முதலில் கேட்க வேண்டியது ‘கரோலைன், நோ’. 1966-இல் பிரையன் வில்சன் என்ற தனிப்பெயரிலேயே சிங்கிளாக, அதாவது தனிப்பாடல் இசைத்தட்டாக, வெளிவந்த பாடல் அது. தந்தை மரி வில்சனின் யோசனைப்படி பதிவின் வேகத்தைச் சற்றுக் கூட்டியதால், ஸ்ருதியும் உயர்ந்து பிரையனின் குரல் இன்னும் இளமையாக ஒலித்தது. 1973 மேடையில் அதைத் தம்பி கார்ல் எந்த வேக மாற்றமும் இல்லாமல் தன் இயல்பான குரலில் பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஸ்டூடியோவின் கைவண்ணம் எது, பாடகரின் தொண்டை எது என்று பிரித்தறியும் திறன் காதுக்கு வந்துவிடும். பின்னால் 1964 ஆல்பத்துக்குப் போகும்போது இந்தத் திறன் மிகவும் தேவைப்படும். ‘யூ ஸ்டில் பிலீவ் இன் மீ’ பாடலையும் இவ்வாறே ஒப்பிடலாம். ஸ்டூடியோவில் பிரையன் பாடியதை மேடையில் ஆல் ஜார்டின் பாடுகிறார். ஆலின் குரல் பிரையனின் குரலைவிடச் சற்று நேரானது, உறுதியானது. ஹார்மனியில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாதவர்கள் இந்தப் பாடலில் அவர் குரலின் நிறத்தை மனத்தில் பதித்துக்கொண்டால், மற்ற பாடல்களின் நடுவிலும் அவரை அடையாளம் காணலாம்.

அதன்பின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’. 1966-இல் வெளியான அந்த சிங்கிள் பல மாதங்களில், ஹாலிவுட்டின் பல ஸ்டூடியோக்களில் தனித்தனித் துண்டுகளாகப் பதிவாகி, நாடாவை வெட்டி ஒட்டி உருவானது. மேடையில் அதை ஒரே மூச்சில் நிகழ்த்த வேண்டும். பல்லவியில் மைக்கின் தாழ்ந்த குரல் தனியாகத் தொடங்கும். அதன் மேல் ஓர் அடுக்கு, அதற்கும் மேல் இன்னோர் அடுக்கு என்று குரல்கள் வந்து உட்காரும். பிறகு முழு அடுக்கும் ஒரு முழு ஸ்வர அளவு மேலே தூக்கப்பட்டு, மறுபடியும் அதே அளவு தூக்கப்படும். இந்த மூன்றாவது படியில்தான் மேடைக் குரல்களுக்குச் சோதனை. அடிக்குரல் மேலே ஏறினால் அதற்கு இலகு. உச்சிக்குரலுக்கோ ஒவ்வொரு படியும் கடினமாகிக்கொண்டே போகும். மூன்றாவது படியில் உச்சிக்குரல் ஸ்ருதியில் நிற்கிறதா, அல்லது ஒரு மயிரிழை கீழே தங்கிவிடுகிறதா என்று கவனியுங்கள். ஒலிநாடாவின் ஒட்டுகள் இருந்த இடங்களையும் கவனிக்க வேண்டும். ஸ்டூடியோவில் ஒரு வெட்டில் முடிந்துபோகும் மாற்றங்களை மேடையில் டிரம்ஸும் ஆர்கனும் சேர்ந்து கைப்பிடித்து நடத்திச் செல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டூடியோவில் பால் டேனர் இசைத்த எலெக்ட்ரோ-தெரமின் என்ற மின்னணுக் கருவியின் ஊளை போன்ற ஒலியை மேடையில், பாப் மூக் உருவாக்கிய, நாடா போன்ற பட்டையின் மேல் விரலை நகர்த்தி இசைக்கும் கருவியைக் கொண்டு மைக் லவ்வே வாசித்தார். அடிக்குரலும் அந்தக் கருவியும் ஒருவர் கையில் இருப்பதை நினைவில் வைத்துக் கேட்டால் பல்லவி இன்னும் சுவை கூடும்.

‘லெட் த விண்ட் ப்ளோ’ பாடலையும் தவறவிடாதீர்கள். 1967-இன் ‘வைல்ட் ஹனி’ ஆல்பத்தில் எளிமையாகவும் சிறியதாகவும் இருந்த அந்தப் பாடல், மேடையில் விரிந்து ஆழம் பெற்றது. ஸ்டூடியோ வடிவத்தை மேடை வடிவம் வென்றுவிட்டது என்று நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய பாடல்களில் இது முதன்மையானது.

இப்போது 1964-க்குத் திரும்பலாம். ஆகஸ்ட் 1 அன்று சாக்ரமெண்டோவின் மெமோரியல் ஆடிட்டோரியத்தில் நடந்த கச்சேரிகளே இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி. அமெரிக்காவின் பில்போர்டு இதழின் ஆல்பப் பட்டியலில் முதலிடம் பெற்ற இவர்களின் முதல் ஆல்பமும் இதுதான். 4 வாரங்கள் அந்த இடத்தில் இருந்தது. கார்லுக்கு அப்போது வயது 17. பாடகர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்க உதவும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் மேடைகளில் பரவாத காலம் அது. ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும் அரங்கில், பக்கத்தில் நிற்பவரின் குரல்கூடச் சரியாகக் கேட்காத நிலையில், கையில் கருவியை வாசித்துக்கொண்டே நெருக்கமான ஹார்மனியைப் பாடுவது எத்தகைய சாதனை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு சலிப்பு வேலை உண்டு. இந்த ஆல்பத்தில் எல்லாமே மேடையில் பாடியவை அல்ல. ‘ஃபன், ஃபன், ஃபன்’, ‘ஐ கெட் அரவுண்ட்’ ஆகிய இரண்டுக்கும் ஸ்டூடியோ பதிவையே அடிப்படையாகக் கொண்டு, அதன் வேகத்தைக் கூட்டி, ரசிகர் ஆரவாரத்தைக் கலந்திருக்கிறார்கள். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: சிங்கிளின் முதல் ஸ்வரத்தை முனகி நினைவில் நிறுத்திக்கொண்டு, உடனே ஆல்பத்தில் உள்ள வடிவத்தைப் போடுங்கள், முனகிய ஸ்வரத்தைவிட அது உயர்ந்திருக்கும், கிட்டாரின் ஒலியும் சற்று மெலிந்திருக்கும். ‘கரோலைன், நோ’ கற்றுக்கொடுத்தது இங்கே கைகொடுக்கிறது. இந்த இரண்டையும் ஹார்மனிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். ஒட்டுவேலை இல்லாமல் அந்த நாளைக் கேட்க விரும்புபவர்களுக்கு, 2014-இல் ‘லைவ் இன் சாக்ரமெண்டோ 1964’ என்ற பெயரில் அன்றைய கச்சேரிகள் டிஜிட்டல் வடிவில் வெளியிடப்பட்டிருக்கின்றன.

பயிற்சிக்கு உரியவை ‘இன் மை ரூம்’, ‘கிராஜுவேஷன் டே’ இரண்டும். சிறுவயதில் மூன்று சகோதரர்களும் ஒரே படுக்கையறையில் படுத்திருந்த இரவுகளில் பிரையன் தம்பிகளுக்கு ஹார்மனி சொல்லிக்கொடுத்தது பதிவான வரலாறு. ‘இன் மை ரூம்’ பாடலின் தொடக்கமே அந்தப் பாடத்தைப் போலத்தான் அமைந்திருக்கிறது. பிரையனின் குரல் முதலில் தனியாக வரும். அடுத்து ஒரு குரல் சேரும், பிறகு இன்னொன்று. அடுக்கு நம் கண்முன்னே கட்டப்படுவதால், ஒவ்வொரு குரலும் நுழையும் கணத்தில் அதைப் பிடித்துக்கொண்டு கைவிடாமல் தொடர முடியும். லண்டன் பாடலில் பின்னோக்கி நடந்தவர்கள் இங்கே முன்னோக்கி நடக்கலாம். கூச்சல் எழும் இடங்களில் குரல் மறைந்தால் நிறுத்திவிடாமல், மனத்துக்குள் அந்தக் குரலைப் பாடிக்கொண்டே காத்திருங்கள். கூச்சல் தணியும்போது மனத்தில் ஓடிய ஸ்வரமும் மேடையில் ஒலிக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருந்தால், உங்கள் காது பழகிவிட்டது. ‘கிராஜுவேஷன் டே’ ஃபோர் ஃபிரெஷ்மென் பாடியது, கருவிகள் மிகக் குறைவு, அதனால் லண்டன் பாடலின் பாணியிலேயே அணுகலாம். இங்கே உச்சியில் இருப்பது பிரையனே என்பதுதான் வேறுபாடு.

இறுதியாக ஒரு தேர்வு வைத்துக்கொள்ள விரும்பினால், 1973 ஆல்பத்தின் பிற்பகுதியில் உள்ள ‘வி காட் லவ்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாண்டி, ரிக்கி, மைக் மூவரும் எழுதிய இந்தப் பாடல் ‘ஹாலண்ட்’ ஆல்பத்துக்காகப் பதிவானது. ரிப்ரைஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஆல்பத்தை ஏற்கத் தயங்கியதால் ‘செயில் ஆன், செயிலர்’ உள்ளே வந்து, இது வெளியே போனது. அதனால் பெரும்பாலான கேட்பவர்களுக்கு இதன் ஸ்டூடியோ வடிவம் பழக்கமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவோ, முன்பே மனத்தில் பதிந்த குரல்களை வைத்து ஊகிக்கவோ வழியில்லை. அடிக்குரல், உச்சிக்குரல், வரியின் கடைசிச் சொல், அங்கிருந்து பின்னோக்கி நடுக்குரல் என்ற அதே வரிசையில், மேடையில் கேட்பதை மட்டும் நம்பி இதைப் பிரித்துப் பாருங்கள். பல்லவியின் நடுக்குரல் ஒன்றை முழுவதுமாக முனக முடிந்தால், ஆல்பத்தின் முதல் பாடலான ‘செயில் ஆன், செயிலர்’-க்குத் திரும்பி, 20 பாடல்களையும் நிறுத்தாமல் வரிசையாகக் கேட்கத் தொடங்கலாம்.